சவேரியைத் தேடி ஆம்புலன்ஸ் வண்டியில்

மார்சேல்ஸ் மீன் சந்தையில் ஒருவர் தன் நாயைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் கப்ரால், அந்தத் தலையக் கீழ போடு. போடுங்கறேன்ல."

நாய் வாயிலிருந்த மீன் தலையைக் கீழே போட்டுவிட்டு வாலை ஆட்டியது. இரண்டு நாளாக நான் அந்த ஊரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்ததும் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன். நாயின் சொந்தக்காரர் பயந்துபோய் என் தோளைப் பிடித்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"தூத்துக்குடி, அண்ணாச்சி."

அவர் பெயர் செபஸ்தியான். காரைக்கால்காரர். முதல் உலகச் சண்டைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வந்தவர், திரும்பிப் போகவில்லை. வயது ஐம்பதுக்கு மேல். பட்டாளம் கழித்துப்போட்ட ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றை வாங்கி அதையே வீடாக வைத்திருந்தார். நோயாளியைக் கிடத்தும் பலகையில் அவருக்குப் படுக்கை. எதிரே மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு மாதா படம். மீதி இடமெல்லாம் பொத்தானும் ஊசியும் நூலும் அடைத்த பெட்டிகள். சந்தை சந்தையாகப் போய் விற்பார். பட்டாளத்தில் தன்னைப் படுத்தி எடுத்த கப்ரால் ஒருவனின் பதவியை நாய்க்குப் பெயராக வைத்து, தினமும் அதை அதட்டுவதில் அவருக்கு ஒரு திருப்தி.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

சவேரி என் தம்பி. சங்கு குளிக்கிறவன். முத்துக்குளிப்பு நடந்து வருஷக்கணக்கானதால் சங்கை மட்டும் நம்பியிருந்தான். பெண்டாட்டி பிலோமி வந்த பிறகு அது போதவில்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ரைட்டராக இருந்த நான்தான் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் செராங்கு ஒருவரிடம் பேசி அவனைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டேன். "கப்பல்ல மூணு வேளையும் சாப்பாடுலே, போயிட்டு வா" என்றேன். சண்டை வந்தது. பிரான்சு விழுந்தபோது அவன் கப்பல் மார்சேல்ஸில் மாட்டிக்கொண்டது. கூட இருந்த நம்மூர்க்காரர்கள் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார்கள். சவேரி அன்றைக்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அவனை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

பிலோமிக்கு இருபத்தாறு வயது. மணப்பாட்டில் ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், அவளைக் கட்டிக்கொள்ள மனதாக இருந்தார். அவளுக்கும் இஷ்டம்தான். ஆனால் சவேரி செத்ததற்குத் தாள் இல்லாமல் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். நான் கப்பலேறும்போது பிலோமி சொன்னது இவ்வளவுதான்:

"அவுக இருக்காவளா இல்லையான்னு ஒரு தாள் கொண்டாந்து தாங்க அத்தான். எதுவானாலும் தாங்கிக்கிடுதேன். இந்த ரெண்டுங்கெட்டாந்தான் தாங்க முடியல."

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ஒரு கப்பலில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலையில் சேர்ந்துதான் நான் அங்கே வந்தேன். கொதிகலன் பழுது பார்க்கக் கப்பல் நிற்கும் நாட்களில் எனக்குக் கப்டன் கொடுத்த விடுப்பு பத்து நாள். இரண்டு போய்விட்டது.

செபஸ்தியான் மீன்காரியிடம் மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் நடந்தார். "வண்டில ஏறுங்க. கப்ரால், பின்னால போ. இனிமே முன் சீட்டு தம்பிக்கு."

மூன்றாம் நாள் துறைமுகத்துப் பழைய கிளார்க் ஒருவரைப் பிடித்தோம். செபஸ்தியான் பேசினார், நான் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாளில் ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற கறுத்த, மஞ்சள் நிற ஆட்களையெல்லாம் சேர்த்து மேற்கே உப்பு வார அனுப்பினார்கள் என்றார் கிளார்க். இந்தோசீனாவில் அன்னம் தேசத்திலிருந்து கூட்டி வந்த கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்களாம்.

உப்பு என்றதும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. தூத்துக்குடிக்காரனை உப்பளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ள மாட்டானா?

அந்த நாட்டில் இன்னும் ரொட்டிக்கு ரேஷன். சாயங்காலம் பாதையோரத்தில் வண்டியை நிறுத்தி, கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, எண்ணெயில் ஊறிய மத்தி மீனை அதில் உடைத்துப் போட்டுக் கொடுத்தார் செபஸ்தியான். நாய்க்குத்தான் முதல் கவளம். "பட்டாளத்துல மேலதிகாரி சாப்பிட்ட பொறவுதான் நாம" என்றார். நான் சிரித்தேன். ஊரை விட்டுக் கிளம்பி அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்க ஆரம்பித்தது. நம் ஊர் ஆடிக்காற்று மண்ணைத்தான் வாரி இறைக்கும். இந்தக் காற்று வண்டியையே பாதையை விட்டுத் தள்ளியது. மத்தியானம் ரேடியேட்டர் கொதித்து மூடி பறந்து போய்விட்டது. மூடியைத் தேடி வயலில் இறங்கினோம். கிடைக்கவில்லை. மரக்கட்டையைச் செதுக்கித் துணி சுற்றி அடைத்தார். அதற்குள் ஒதுங்கி நின்ற வண்டியின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஒரு குடியானவன் இரண்டு வெள்ளைக் குதிரைகளைக் கட்டி இழுத்துவிட்டான். அவன் செபஸ்தியானிடம் ஏதோ கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"என்ன சொல்லுதாரு?"

"அவன் மகனும் சண்டைல போனவன், வரலியாம். 'நீங்க தேடவாவது தேடுறீங்க, எனக்கு எங்க தேடறதுன்னே தெரியல'ங்கறான்."

குதிரைகளை ஓட்டிக்கொண்டு அவன் போனதும் நாங்கள் வண்டியைக் கிளப்பினோம்.

ஐந்தாம் நாள் உப்பளம் வந்தோம். வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தேன். தூத்துக்குடியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள், ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள், வெயிலில் கண் கூசியது. தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. நம் உப்பளத்துக்கும் அதே பறவை வரும். ஒருவேளை சவேரி இங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கப்ரால் பூநாரைகளைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டது. பாதி நாள் அதைத் தேடினோம். எனக்கு மிஞ்சியிருந்த நாட்கள் ஐந்து. அதிலும் பாதி நாளை ஒரு நாய் தின்றுவிட்டதே என்று மனதுக்குள் அதைச் சபித்தேன். கடைசியில் ஒரு கொட்டகை வாசலில் அதன் கால்களை ஒரு மனிதன் கழுவிக்கொண்டிருந்தான். உப்பு அறுத்து நான்கு பாதமும் ரத்தமாக இருந்தது. அவன் அன்னம் தேசத்தான். சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் ஊருக்குக் கப்பல் கிடைக்காமல் அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தான்.

செபஸ்தியான் சவேரியைப் பற்றிக் கேட்டார். அவன் நாயின் காலை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

அவன் சொன்னதைச் செபஸ்தியான் எனக்குச் சொன்னார்: "தெரியும். கறுப்பாக, நெஞ்சு அகலமாக இருந்தவர். காலில் சாக்குத்துணியை எப்படிக் கட்டினால் உப்பு அறுக்காது என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். எங்களில் ஒருவருக்கும் அவர் பேசுவது புரியாது. கையைக் காட்டித்தான் எல்லாம். முதல் வருஷம் பாடுவார். இரண்டாம் வருஷம் பாட்டு நின்றது. சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. பிறகு காய்ச்சல். காய்ச்சலுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். விடாமல் பேசினார். ஒருநாள் வண்டி வந்து கூட்டிப் போனது."

"எங்க?"

அவன் வடக்கே கையைக் காட்டி ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். செபஸ்தியான் அதை எனக்குச் சொல்லவில்லை. கப்ராலைத் தூக்கி வண்டியில் போட்டார். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த ஊர்ல இருக்கறது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, தம்பி."

ஆறாம் நாள் முழுக்க ஓட்டம். திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், கல் பாலங்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. பாதங்களில் துணி கட்டிய நாய் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. மனம் பேதலித்தாலும் ஆள் உயிரோடு இருக்கட்டும், எப்படியாவது கப்பலில் ஏற்றிவிடுவேன், பிலோமியைப் பார்த்தால் தெளிந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படி அவன் வந்தால் மணப்பாட்டு வாத்தியாருக்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்தேன். அந்த அளவுக்கு நம்பியிருந்தேன்.

ஏழாம் நாள் காலையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். உயரமான மதில், இரும்புக் கதவு, உள்ளே இரண்டு வரிசை மரங்கள். செபஸ்தியான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இறங்கலியா அண்ணாச்சி?"

"சண்டை நாள்ல சைக்கிள்ல பொத்தான் வித்துக்கிட்டு இந்த ஊருக்கு மாசம் ரெண்டு தடவ வருவேன். இந்த மதில்மேலதான் சைக்கிளச் சாத்தி வைப்பேன்" என்றார்.

ஆபீசில் ஒரு இளைஞர் மரியாதையாகப் பேசினார். நான் கொண்டுபோன ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். செபஸ்தியான் அதை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். முதல் வரியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

"சவேரின்னு பேரு இருக்கு. இந்தோசீனாக்காரன்னு போட்டிருக்கு. தம்பி... உக்காருங்க. இல்ல. ஆள் இல்ல. சண்டை நடுவுல, குளிர்காலத்துல."

நான் உட்காரவில்லை. "மிச்சத்தையும் வாசிங்க" என்றேன்.

"'நாள் முழுவதும் பேசுகிறான். அன்னம் தேசத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தோம். அவன் பேசுவது தங்கள் மொழி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். எனவே இது எந்த மொழியும் இல்லை. அர்த்தமற்ற ஒலிகள்.'"

வெளியே வண்டிக்குள் கப்ரால் குரைத்துக்கொண்டிருந்தது. செபஸ்தியான் ஜன்னலைத் திறந்து, "சும்மா கிட" என்றார். நாய் அடங்கிவிட்டது.

எனக்குத் தாள் கிடைத்தது. நகர மண்டபத்தில் ஞானஸ்நானச் சீட்டை வைத்துப் பெயரைத் திருத்தி, ஊரைத் திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே போனோம். வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் எங்களைத் தோட்டத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். புல் முளைத்த ஒரு நிலம். வரிசையாக இரும்புத் தகடுகள், நம்பர் மட்டும். பல தகடுகள் விழுந்து கிடந்தன. சவேரி எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தக் குளிர்காலம் தினமும் இரண்டு பேர், மூன்று பேர். இங்கே எங்களுக்கு வந்துகொண்டிருந்தது கொஞ்சம் டர்னிப் கிழங்கும் சுடுதண்ணீரும்தான். வெளியே சொந்தக்காரர்கள் இருந்தவர்களுக்கு யாராவது ஏதாவது கொண்டு வந்தார்கள். இல்லாதவர்கள் போய்விட்டார்கள்" என்றார்.

நான் அந்த நிலம் மொத்தத்துக்குமாக முழங்காலிட்டு ஜெபம் சொன்னேன். எழுந்தபோது கன்னியாஸ்திரீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சவேரியின் சாயல் எனக்கு உண்டு. அவர் செபஸ்தியானிடம் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். செபஸ்தியானுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உங்க தம்பி பொண்டாட்டி சுகமா இருக்காங்களான்னு கேக்கறாங்க. கடைசி வரைக்கும் அந்தப் பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாராம். ஆனா பிலோமின்னுல்ல சொன்னீங்க? இவங்க வேற பேரு சொல்றாங்க."

"என்ன பேரு?"

கன்னியாஸ்திரீ என் கையைப் பிடித்துக்கொண்டு தானே சொன்னார். அந்த நாக்கில் அது கோணலாகத்தான் வந்தது.

"பஸிக்கீ. பஸிக்கீ."

காரைக்காலில் 'பசிக்குது' என்பார்கள். அதனால் செபஸ்தியானுக்கு உடனே தெரியவில்லை. எங்கள் கரையில் 'பசிக்கி' என்போம்.

"மற்றவர்கள் அவரைச் சத்தம் போடாதே என்பார்கள்" என்று கன்னியாஸ்திரீ சொல்லிக்கொண்டே போனார், செபஸ்தியான் சொல்லிக்கொண்டே வந்தார். "நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து இப்படிக் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் பஸிக்கீ, பஸிக்கீ என்பார். வருவாள் மகனே, உன் பஸிக்கீ வருவாள், என்பேன். அவர் என்னையே பார்ப்பார். கடைசி நாளும் அப்படித்தான். அவள் நன்றாக இருக்கிறாளா? ஐயாவிடம் கேளுங்கள்."

அந்தக் கை எலும்பும் தோலுமாக இருந்தது. அந்த வருஷங்களில் அதுவும் பட்டினி கிடந்த கைதான். 

"சுகமா இருக்கான்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "அவன் பெஞ்சாதி பேருதான் அது. வீட்டுல கூப்பிடுத பேரு."

செபஸ்தியான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. அவர் உதடு கோணியது. ஆனாலும் நான் சொன்னதை அப்படியே அந்த அம்மாளிடம் சொன்னார். கன்னியாஸ்திரீ சிலுவைக் குறி போட்டு, என் நெற்றியிலும் போட்டுவிட்டார்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் எப்படிப் போயின என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை. செபஸ்தியான் சோறு வடித்தார். வடித்த சோற்றை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை. சட்டியோடு நாய்க்கு வைத்தார். பத்தாம் நாள் துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தியபோது, "நான் அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னுருக்கேன் தம்பி. ஒரு சத்தம் கேட்டிருந்தா போதும்" என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கி, நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தூத்துக்குடியில் தோணியிலிருந்து இறங்கியபோது பிலோமியும் அம்மாவும் கரையில் நின்றிருந்தார்கள். தாளைக் கையில் கொடுத்தேன். பிலோமி அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. ஏழெட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்தவள். மூன்றாம் நாள் பூசை முடிந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கடைசில ஏதாச்சும் சொன்னாவளா அத்தான்? பக்கத்துல யாரும் இருந்தாவளா?"

"ஒரு கன்னியாஸ்திரீ இருந்தாவ. கையப் பிடிச்சிட்டு இருந்தாவளாம்."

"என்ன சொன்னாவளாம்?"

நான் கப்பலில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டுதான் வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, தூக்கத்தில் போய்விட்டான் என்று சொல்லத் தீர்மானித்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், அங்கே அந்தக் கன்னியாஸ்திரீயின் மனதை ஆற்றிய பொய் வாயில் வந்துவிட்டது.

"ஒம் பேரத்தான் சொல்லிட்டு இருந்தானாம். கடைசி மட்டும்."

அப்போதுதான் அவள் கத்தி அழுதாள்.

மறுவாரம் மணப்பாட்டிலிருந்து வாத்தியாரின் அக்கா வந்தார். தாள் கிடைத்துவிட்டதே, ஓலை கொடுத்துவிடலாமா என்று கேட்டார். பிலோமி கறுப்புச் சேலையோடு வெளியே வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்:

"அந்நிய சீமையில சாகுத வேளையிலும் எம் பேரச் சொன்ன மனுசன் அவுக. அவுகள விட்டுட்டு நான் இன்னொருத்தருக்குக் கழுத்த நீட்டமாட்டேன். கோவிச்சுக்கிடாதீக."

சாமியார் சொன்னார், அம்மா சொன்னாள், அவளைப் பெற்றவர்கள் வந்து சொன்னார்கள். அவள் அசையவில்லை. வாத்தியார் ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

அவளை விடுவிக்கத்தான் நான் அந்தத் தாளைத் தேடிப் போனேன். நான் சொன்ன ஒரு வார்த்தை அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூன்று முறையும் கப்பலைப் பற்றியும் உப்பளத்தைப் பற்றியும் நாயைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்துவிட்டேன். நாயின் கதை அவளுக்குப் பிடிக்கும். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

அவள் இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆபீசிலிருந்து மத்தியானம் நான் வந்தால் இலையைப் போட்டுவிட்டுச் சட்டியோடு வந்து நிற்பாள். "ரொம்பப் பசிக்கா அத்தான்?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் போடுவதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்திருப்பேன்.